ட்வெய்ட்டாவின் ஏழு பேராளர்கள்

அமெரிக்காவில் ஒரு கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரை எப்படித் தெரிவு செய்கிறது என்று ஒஸ்லோவில் ஐம்பது வயது கடந்த எந்தத் தமிழ் ஆணைக் கேட்டாலும் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் இதில் முதலாம் ஆள். எந்த மாநிலத்தில் முன்தேர்தல், எந்த மாநிலத்தில் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடி நின்று தலை எண்ணுகிறார்கள், எந்த மாநிலத்துக்கு எத்தனை பேராளர், மாநாட்டில் அவர்களில் யார் தன் விருப்பப்படி வாக்களிக்கலாம், யார் முடியாது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறந்தநாள் விழாக்களில் கேக் வெட்டுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். ஆனால் அவர் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கும் ட்வெய்ட்டாவில் ஒரு கட்சிக் கிளை இருக்கிறது என்பதும், அது அவருடைய பல்கனியிலிருந்து தெரியும் மண்டபத்தில்தான் கூடுகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. என் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

மகளுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஹவுகெட்டோப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. பதினாறு வயதில் அந்தக் கட்சியின் இளைஞர் பிரிவில் சேர்ந்தாள். பத்து வருடமாகக் கடைத்தொகுதி வாசலில் மழையில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்திருக்கிறாள், தேர்தல் காலங்களில் நூற்றுக்கணக்கான கதவுகளைத் தட்டியிருக்கிறாள். மாநகரசபைத் தேர்தலுக்கு வேட்பாளர் பட்டியல் தயாரானபோது கட்சியின் நியமனக் குழு ஆறாம் இடத்தில் வந்து முட்டிக்கொண்டது. குழுவில் பாதிப்பேர் என் மகளின் பெயரை எழுதினார்கள். மீதிப்பேர் கட்சி அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவருடைய பெயரை எழுதினார்கள். ஆறாம் இடம் என்றால் சபையில் கதிரை ஏறக்குறைய நிச்சயம். முப்பதாம் இடம் என்றால் கைநோட்டிஸில் முகம் வரும், அவ்வளவுதான்.

இங்கே முன்தேர்தல் என்று ஒன்று இல்லை. கட்சிக்கு வாக்களிக்கும் சனம் வேட்பாளரைத் தெரிவு செய்வதில்லை. சந்தா கட்டிய உறுப்பினர்கள்கூட நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. ஒவ்வொரு கிளையும் சில பேராளர்களைத் தெரிவு செய்து அனுப்பும். அந்தப் பேராளர்கள் ஒரு சனிக்கிழமை நகரின் நடுவிலுள்ள ஒரு ஹோட்டலில் கூடி, யார் எத்தனையாம் இடம் என்று முடிவு கட்டுவார்கள். எங்கள் கிளைக்கு ஏழு பேராளர். சொந்தக் கிளையின் ஏழு பேரும் மகளின் பக்கம் நின்றால் மற்றக் கிளைகள் யோசிக்கும். சொந்தக் கிளையே கைவிட்டால் வேறு எவன் கை தூக்கப் போகிறான்?

ஆகவே மகள் ஆள் சேர்த்தாள். உண்மையில் சேர்த்தது நான். வாட்ஸ்அப்பில் எழுதினேன், கோயில் வாசலில் நின்று கேட்டேன். லில்லெஸ்ட்ரோமில் இருந்துகூடச் சிலர் பெயர் கொடுத்தார்கள். அது ஒஸ்லோவே இல்லை, அங்கே இருப்பவர் இந்தக் கிளையில் சேர முடியாது என்று மகள் விளக்கி, அந்தப் பெயர்களை வெட்டினாள். கடைசியில் நாற்பத்திரண்டு பேர். கிளைக் கூட்டங்களுக்கு வழமையாக வருவது பதினைந்து பேர்.

கூட்டத்துக்கு முதல் ஞாயிறு எங்கள் வீட்டு இருக்கையறையில் பாடம் நடந்தது. என் கணவர் வடையும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். செயலாளர் வாயைத் திறந்ததும் அமெரிக்காதான் வந்தது.

“மாமா, அமெரிக்காவை விடுங்கோ,” என்றாள் மகள். “இது ட்வெய்ட்டா. பதினொரு மணி எண்டா பதினொரு மணி. பன்னிரண்டு இல்லை.”

“பிள்ளை, நாங்கள் ஷெல்லடிக்குள்ளாலை ஓடி வந்த ஆக்கள். எங்களுக்கு நேரம் பாக்கப் பழக்கிறியோ?”

“ஷெல்லடிக்குள்ளாலை ஓடி வந்தவை போன மாசச் சங்கக் கூட்டத்துக்கு முக்கால் மணித்தியாலம் பிந்தித்தானே வந்தவை.”

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். அவருக்கு அவளில் விருப்பம்தான். மகள் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள்: அடையாள அட்டை கொண்டு வரவேண்டும், வாசலில் பெயர் பதிந்து வாக்களிக்கும் அட்டை வாங்கவேண்டும், அந்த அட்டையை எப்போது தூக்கவேண்டும். எங்களில் ஏழு பேரின் பெயரை எழுதினாள். முதல் பெயர் என்னுடையது. நான் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நோர்வேஜிய மொழி பிழையின்றிப் பேசுவேன், கூட்டங்களுக்குப் பயப்படமாட்டேன் என்பது அவள் எண்ணம். இரண்டாவது என் கணவர். மூன்றாவது செயலாளர்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லித்தரவில்லை. அவள் இங்கே பிறந்தவள், அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. நானும் அவளுக்குச் சொல்லவில்லை. எனக்கு அது மூச்சு விடுவது போல. யாராவது அதைச் சொல்லிக்கொடுப்பார்களா?

எங்கள் சங்கத்தில் நிர்வாகத் தெரிவு இப்படி நடக்கும். ஒருவர் எழும்பி இன்னொருவரின் பெயரைச் சொல்லுவார். பெயர் சொல்லப்பட்டவர் உடனே எழும்பி, “என்னை விடுங்கோ, எனக்கு நேரமில்லை, இளம் ஆக்களைப் போடுங்கோ” என்பார். சபை “இல்லை, நீங்கள்தான்” என்னும். அவர் மறுபடியும் மறுப்பார். மூன்றாம் தரம் இரண்டு கையையும் விரித்து, வேறு வழியில்லை என்ற முகத்தோடு இருப்பார். அதுதான் சம்மதம். விருந்தில் “காணும், போதும்” என்றபடி கோப்பையை இழுக்காமல் பிடித்திருப்பதைப் போல. முதல் தரமே “ஓம்” என்பவனைப் பற்றி வருடக்கணக்காகக் கதைப்பார்கள். இதை நாங்கள் பணிவு என்கிறோம். பணிவுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஊர் முழுவதும் வந்து கெஞ்சினால்தான் இறங்குவேன் என்று பல்லக்கில் ஏறி இருக்கும் வேலை இது.

கூட்டத்தன்று பத்தே முக்காலுக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். பெண்கள் பட்டுச் சேலையில், மேலே குளிர் ஜாக்கெட். கிளைக்காரர் எங்களைப் பார்த்து மகிழ்ந்த மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும். தோளில் கை போட்டார்கள், எங்கள் கூட்டத்தின் நடுவே வந்து நின்று படம் எடுத்தார்கள். “எவ்வளவு வண்ணம், எவ்வளவு பன்முகம்” என்றார் ஒருவர். ஒரு மணித்தியாலம் கழியுமுன் அந்தப் படம் கட்சியின் முகநூல் பக்கத்தில் வந்துவிட்டது. அதே ஆட்களின் சட்டைப்பைகளில் தங்களுடைய ஏழு பெயர்கள் எழுதிய துண்டும் இருந்தது. ஆறாம் இடத்துக்குப் போட்டியிட்ட கட்சி அலுவலகக்காரருக்காக வேலை செய்தவர்கள் அவர்கள். கோப்பி ஊற்றித் தந்துகொண்டே எங்கள் தலைகளை எண்ணினார்கள். எண்ணி முடிந்ததும் முகங்கள் வெளிறிப்போனதை நான் கண்டேன். அவர்கள் இருபத்தாறு பேர்தான். அந்த நிமிடத்தில் நான் பட்ட பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

கூட்டத்தை நடத்தியவர் என் வயதுப் பெண். யாருடைய பக்கமும் சாயாதவர் என்று மகளே சொல்லியிருந்தாள். இரண்டு பக்கமும் பெயர்களைக் கொடுத்தன. பதினான்கு பெயர்களும் திரையில் வந்தன. வாக்கெடுப்புக்கு முதல் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்கவேண்டும் என்றார். என் பெயர்தான் முதலில்.

“நீங்கள் பேராளராகப் போக விரும்புகிறீர்களா?”

நான் எழும்பினேன். எழும்பும்போதே என் வாய் தன் பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. “நன்றி. ஆனால் என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் போவது நல்லது” என்றேன். நல்ல நோர்வேஜிய மொழியில், ஒரு பிழை இல்லாமல் சொன்னேன். சொல்லிவிட்டு நின்றேன். சபை “இல்லை, நீங்கள்தான்” என்று சொல்வதற்காக நின்றேன்.

“சரி, அதை மதிக்கிறோம்,” என்றார் அந்தப் பெண். திரையில் என் பெயர் மறைந்தது.

அடுத்தது என் கணவர். பெண்சாதி வேண்டாம் என்று சொன்ன பதவியை முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய மனிதன் எப்படிப் பாய்ந்து வாங்குவது? அவரும் எழும்பி, நெஞ்சில் கை வைத்து, தனக்கு முதுகு நோ என்றார். அவருக்கு முதுகு நோ கிடையாது. அவர் பெயரும் மறைந்தது. செயலாளர் இரண்டு நிமிடம் பேசினார். தான் ஒரு சிறிய மனிதன், சேவை செய்யப் பதவி தேவையில்லை, இளைய தலைமுறை முன்னுக்கு வரவேண்டும். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டு, அழகாகப் பேசினீர்கள் என்று நன்றி சொல்லி, அவர் பெயரையும் எடுத்தார். அதன் பிறகு அது ஒரு போட்டியாகிவிட்டது. யார் கூடப் பணிவு என்று பார்க்கும் போட்டி. பஸ் ஓட்டும் இளைஞர் ஒருவர் மட்டும், “ஓம், போவேன்” என்றார். எனக்குப் பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது: “பாத்தியோ, பதவி எண்டதும் வாயைப் பிளக்கிறான்.”

சுவரோரம் நின்ற மகள் கை உயர்த்தினாள். அவள் முகம் சிவந்திருந்தது.

“தயவுசெய்து அவர்களிடம் இன்னொரு முறை கேட்க முடியுமா? அவர்கள் விருப்பமில்லை என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை.”

“வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார்கள்,” என்றார் அந்தப் பெண், மிகவும் அன்பாக. “இந்தக் கட்சியில் நாங்கள் யாரையும் வற்புறுத்துவதில்லை.”

அந்த நேரம் நான் எழும்பியிருக்கலாம். என் மனம் மாறிவிட்டது, போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. எழும்பவில்லை. மறுத்த பதவியைத் திரும்பக் கேட்பது வெட்கம் என்று என் கால்கள் நினைத்தன. மகள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுபக்கத்து ஏழு பேரிடமும் கேட்டார்கள். ஏழு பேரும் “ஓம், சந்தோஷமாக” என்றார்கள். அப்படியே, ஒரு சொல்லில். பிறகு அவர்களில் ஒருவர், எட்டுப் பேர் மிஞ்சியதால், தான் விலகுகிறேன் என்றார். பஸ்காரருக்கு ஓர் இடத்தை விட்டுக்கொடுத்ததில் நல்ல பெயரும் அவர்களுக்கே. ஏழு இடத்துக்கு ஏழு பேர், வாக்கெடுப்புத் தேவையில்லை. சுத்தியல் மேசையில் தட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம், நாற்பத்திரண்டு பேரும், மடியில் வாக்களிக்கும் அட்டைகளோடு.

செயலாளர் என் கணவர் பக்கம் சரிந்தார். “இனி எப்ப அட்டையைத் தூக்கிறது?”

“முடிஞ்சுதாம் அண்ணை.”

“என்ன முடிஞ்சுது? இன்னும் ஒருக்காக் கூடக் கேக்கேல்லையே.”

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் மகள் என்னோடு வந்தாள். கடைத்தொகுதியைத் தாண்டியதும் கேட்டாள்.

“அம்மா, ஏன் ஓம் எண்டு சொல்லேல்லை?”

“ரெண்டாம் தரம் கேப்பினம் எண்டு நினைச்சனான்.”

“ஏன் கேக்கோணும்? நீங்கள் வேண்டாம் எண்டுதானே சொன்னனீங்கள்.”

“அது சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்லுறது, பிள்ளை.”

“ஆருக்கு மரியாதை?”

 

ஹோட்டலில் நடந்த கூட்டத்தில் எங்கள் கிளையின் ஏழு பேரில் ஆறு பேர் அலுவலகக்காரருக்குக் கை தூக்கினார்கள். மற்றக் கிளைகள் அதைப் பார்த்துத் தூக்கின. பஸ்காரர் தனியாக என் மகளுக்குத் தூக்கினார். மகளுக்கு முப்பத்தோராம் இடம் கொடுத்தார்கள், அதுவும் வண்ணத்துக்காக. அடுத்த சங்கக் கூட்டத்தில் செயலாளர் இது வெள்ளைக்காரரின் சூழ்ச்சி என்று அரை மணித்தியாலம் பேசினார். பேராளர் முறையே ஏமாற்று, அமெரிக்காவிலும் இப்படித்தான் என்றார். சபை தலையாட்டியது. கண்டனத் தீர்மானம் ஒன்று நிறைவேறியது. பஸ்காரரைப் பற்றி, பதவி ஆசை பிடித்தவன் என்று மண்டப வாசலில் இன்னமும் கதைக்கிறார்கள். உறுப்பினராகச் சேர்ந்த நாற்பத்திரண்டு பேரில் இப்போது மிஞ்சியிருப்பது எத்தனை என்று எண்ணப் போனால் ஒரு கையின் விரல்கள் போதும்.

நான் அதில் ஒருத்தி. இன்று கிளையின் வருடாந்தக் கூட்டம். மகள் கிளைத் தலைவி பதவிக்கு நிற்கிறாள். பஸ்காரர் அவளுக்காக வீடு வீடாகப் போயிருக்கிறார். மூன்று நாளுக்கு முதல் அவளை அழைத்து, நான் வரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் அம்மா. நீங்கள் வீட்டிலையே இருங்கோ.”

“ஒரு வாக்கெண்டாலும் வாக்குத்தானே. பின்னுக்கு இருந்திட்டு வாறன்.”

“அம்மா, வேண்டாம்.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். ஆய்வுகூடத்தில் பரிசோதனைக் குழாயில் பெயர் ஒட்டும்போது நாங்கள் பேசும் குரல் அது. மூன்றாம் தரம் கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். என் மகள் வேண்டாம் என்றால் அதன் பொருள் வேண்டாம் என்பதுதான். இதைக் கற்க எனக்கு இந்த நாட்டில் முப்பது வருடமும் அவளுடைய ஆறாம் இடமும் தேவைப்பட்டன.

இப்போது பதினொன்றரை. அங்கே பெயர்களை வாசித்துக்கொண்டிருப்பார்கள். கணவர் ஜாக்கெட்டைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

“இஞ்சேரப்பா, ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வருவமே?”

“இருங்கோ,” என்றேன். “எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை.”