பின்சில்லுக்கு ஒரு வலை

தனுஷ்கோடி மணலில் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது இடுப்பில் செருகிய ஒரு ஸ்பானர். மனிசியின் கையில் கைக்குழந்தை, என் தோளில் மற்றப் பிள்ளை. அந்த ஸ்பானரை வைத்துத்தான் மயிலாப்பூர் நடைபாதையில் ஒரு தண்ணீர்ச் சட்டியும் காற்றுப் பம்புமாகக் குந்தினேன். நடைபாதை தகரக் கொட்டகை ஆனது. கொட்டகை ஷட்டர் போட்ட கடை ஆனது. இரண்டு மகள்மாரையும் படிப்பித்து, ஒருத்தியை டொரன்டோவுக்கும் ஒருத்தியை ஒஸ்லோவுக்கும் அனுப்பினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ரேஷன் அட்டை எடுக்கவே நாயாய் அலைந்தவன், இன்றைக்கும் இந்த நாட்டில் ஓட்டு இல்லாதவன் இதையெல்லாம் செய்தான். இவை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து நான் சொல்லிக்கொள்வது வேறொன்று. சேலை கட்டிய பெண்களை இந்தச் சென்னையில் சைக்கிளில் ஏற்றியவன் நான். யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இதில் என்ன பெருமை என்று தோன்றும். சொல்கிறேன்.

லஸ் முனையில் சிக்னலுக்கு நிற்கிறேன் என்று வையுங்கள். பக்கத்தில் ஸ்கூட்டர்காரன் ஒருவன் என் சைக்கிளை மேலும் கீழும் பார்ப்பான்.

"இன்னா பெருசு, வண்டி ரிப்பேரா?"

"இல்லைத் தம்பி. இதுதான் என்ரை வண்டி."

"பையன் பாத்துக்கறது இல்லியா?"

பச்சை விழும். என் மேல் இரக்கப்பட்டுக்கொண்டே அவன் போய்விடுவான். வந்த புதிதில் எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போது பழகிவிட்டது. இங்கே சைக்கிள் ஓட்டுகிறவன் ஒன்றில் வழி இல்லாதவன், இல்லையென்றால் விடியற்காலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான காற்சட்டையும் போட்டு அடையாறு பாலத்தில் பறக்கிற சுகாதாரக்காரன். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் சும்மா சந்தைக்குப் போவதற்காகச் சைக்கிளில் போகலாம் என்பது இவர்கள் கணக்கில் இல்லை.

எங்கள் அச்சுவேலியில் தலைமை ஆசிரியர் சைக்கிளில் வருவார், ஐயர் வருவார், கல்யாணத் தரகர் வருவார். பெட்ரோல் இல்லாத யுத்த காலத்தில் நெல்மூட்டை, விறகு, பிள்ளை பெறப் போகிறவள், எல்லாம் சைக்கிளில்தான் போயின. பெண்கள் ஓட்டுவதை யாரும் ஒரு சங்கதியாகவே நினைத்ததில்லை. வெள்ளைச் சேலை கட்டிய டீச்சர்மார் காலையில் வரிசையாகப் போவார்கள். என் மனிசி பரமேஸ் கல்யாணமான மூன்றாம் நாள் என்னை முந்திக்கொண்டு போய் வாய்க்கால் மதவடியில் இறங்கி நின்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என் பின்னால் வந்ததில்லை.

ஆகவே செல்வி தனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று சொன்னபோது நான் நம்பவில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்திக்குச் சைக்கிள் தெரியாமல் இருக்க முடியும் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. கடைக்கு வெளியே நின்ற லேடீஸ் சைக்கிளில் அவளை இருத்தி, "உழக்கு பிள்ளை" என்று ஒரு தள்ளுத் தள்ளினேன். எங்கள் ஊரில் மிதிப்பதை உழக்குவது என்போம். இங்கே உழக்கு என்றால் அரிசி அளக்கிற படி. அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்ப் பக்கத்துக் கடைக் கொத்தமல்லிக் கூடைக்குள் விழுந்தாள்.

செல்வி யார் என்று சொல்ல வேண்டும். என் கடைக்கு எதிரில் ஒரு மெஸ். அங்கே விடியமுன் இட்லி ஊற்றுகிறவள் செல்வி. அவள் பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். கரையிலிருந்து எல்லோரையும் கிளப்பி, வேளச்சேரிக்கும் அப்பால், சதுப்பு நிலத்தைத் தாண்டிக் கட்டிய மாடி வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். வீடு கிடைத்தது, வேலை தூரமாகிப் போனது. வேளச்சேரியில் முதல் ரயிலைப் பிடித்தால் நேரத்துக்கு மயிலாப்பூர் வந்துவிடலாம். ஆனால் அந்த இருட்டில் வீட்டிலிருந்து ரயிலடிக்கு வரப் பஸ்ஸும் இல்லை, ஷேர் ஆட்டோவும் இல்லை. அவள் வருவதற்குள் மெஸ் வாசலில் ஆட்கள் நின்றுவிடுவார்கள். மெஸ் நடத்துகிற மாமி கெட்டவள் இல்லை. ஆனாலும் அன்றைக்கு என் காது கேட்கவே சொல்லிவிட்டாள்.

"ஆறு மணிக்கு மனுஷா வந்து நின்னுண்டிருக்கா செல்வி. நீ பஸ்ஸை நம்பிண்டு வந்தா நான் என்னத்தைப் பண்ணுவேன்? இந்த மாசத்தோட பாரு. அப்பறம் கிட்டக்க இருக்கறவாளா வேற ஆள் வெச்சுக்கறேன்."

செல்விக்குப் புருஷன் இல்லை. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் அந்தப் படிப்பும் போகும். அதனால்தான் அவளைக் கூப்பிட்டேன், அதனால்தான் கொத்தமல்லிக்குள் விழுத்தினேன்.

"இன்னா நைனா, வெள்ளாடுறியா?" அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "இந்த வயசுல சைக்கிள் கத்துக்கினு நான் இன்னா ரேசுக்கா போவப் போறேன்? கை ஒடஞ்சா யாரு மாவாட்டுவா?"

"ரேசுக்கு இல்லை. ரயிலுக்கு."

அவள் சிந்திய கொத்தமல்லியைக் கூடைக்குள் அள்ளிப் போட்டாள். பிறகு சைக்கிளை அவளே நிமிர்த்தினாள்.

அது கத்திரி வெயில். தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிற காலம். மத்தியானம் மெஸ் வேலை முடிந்ததும் மயிலாப்பூர் ரயில் நிலையத்துக்குக் கீழே தூண்களுக்கு நடுவில் பழக்கினேன். அத்தனை பெரிய கட்டடத்தின் நிழல் சும்மாதானே கிடக்கிறது. நான் காரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எழுபது வயதில் ஓடினேன் என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். ஆட்டோக்காரர்கள் தூணில் சாய்ந்து நின்று பகிடி பண்ணினார்கள். "யக்கா, பிரேக்கு புடி, தாத்தா மூச்சு வாங்கறாரு." அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒரு நாள் தூணைச் சுற்றி வந்தாள் செல்வி. நான் எப்போதோ கையை விட்டிருந்தேன். அது தெரிந்ததும் இறங்கத் தெரியாமல் இன்னும் இரண்டு சுற்று வந்தாள். மாசம் முடியமுன் அந்தச் சைக்கிளை அவளுக்கே கொடுத்து முதல் ரயிலுக்கு அனுப்பினேன்.

ஊரில் நாங்கள் காலத்தை உழக்கித்தான் அறிவோம். சோளகம் என்கிற தென்காற்று தொடங்கினால் போகும்போது கால் நோகும், வரும்போது சும்மா மிதந்து வரலாம். வாடை வந்தால் அது மறுபக்கம். சென்னைக்கு அந்த ஒழுங்கு இல்லை. மத்தியானத்தில் கடற்காற்று வந்து முகத்தில் அடிக்கும், ஆடியில் எந்தப் பக்கம் என்று இல்லாமல் சுழற்றும். அந்த ஆடிக் காற்றில்தான் செல்வி பெரிய விழுகை விழுந்தாள். ரயிலடிக்கு வரும் வழியில் முந்தானை பறந்து பின்சில்லில், அதுதான் பின்சக்கரத்தில், சுற்றி அவளைக் கீழே இழுத்துப் போட்டது. முழங்கை உரிந்து, கிழிந்த சேலையோடு, சைக்கிளை ஒரு மினி லாரியில் ஏற்றி வந்து என் கடையில் சாத்தினாள்.

"வேணாம் நைனா. எனக்கு இது ஒத்து வராது."

சுடிதார் போடச் சொன்னார் பக்கத்துக் கடைக்காரர். செல்வி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் டீச்சர்மார் யாரும் சேலையை மாற்றவில்லை, சைக்கிளைத்தான் மாற்றினோம். ஊரில் பெண்கள் சைக்கிளின் பின்சில்லுக்கு ஒரு வலை இருக்கும். மட்காட்டின் விளிம்பில் வரிசையாகச் சின்னத் துளைகள், அவற்றிலிருந்து அச்சுவரைக்கும் விசிறிபோல இழுத்துக் கட்டிய நூல். எந்தக் காற்றுக்கும் சேலை உள்ளே போகாது. இந்த நகரத்துக் கடைகளில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை, கேட்டால் சிரித்தார்கள். பட்டினப்பாக்கத்து மீனவர் ஒருவரிடம் நைலான் நூல் வாங்கினேன். மட்காட்டில் துளை போட்டேன். முடிச்சு மட்டும் வரவில்லை. இழுத்தால் தளர்ந்தது. பரமேஸ் வாசலில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. உது மாட்டுக்குப் போடுற முடிச்சு."

அவள் உட்கார்ந்தாள். கண்ணாடி இல்லாமலே பின்னி முடித்தாள். கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். தம்பூரா மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவள் கடைசியாகக் கேட்டது அச்சுவேலி வீட்டு முற்றத்தில். சுவரில் சாத்தி வைத்த சைக்கிளை அப்படியே விட்டுவிட்டுத்தான் படகேறினோம்.

ஐப்பசி மழை வந்தது. வேளச்சேரி வெள்ளத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, டொரன்டோ தொலைக்காட்சியிலும் காட்டுகிறார்கள். அந்த வாரம் கார்கள் தண்ணீருக்குள் படுத்துக் கிடந்தன. மாமி இட்லிப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்றைக்கு மெஸ் இல்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது ரயிலடிப் பக்கமிருந்து செல்வி வந்தாள். சேலை முழங்கால்வரை சேறு. கூடவே அவள் குடியிருப்புப் பெண்கள் இரண்டு பேர், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள்.

"எப்டிடீ வந்தே?" என்றாள் மாமி.

"ரயில் வரைக்கும் சைக்கிள்ல வந்தேன் மாமி. தண்ணி ஏறுன எடத்துல எறங்கி, வண்டிய முன்னாடி தள்ளிக்கினே வந்தேன். பள்ளம் இருந்தா மொதல்ல சக்கரம் போய் சொல்லும்னு நைனா சொல்லிக் குடுத்துச்சு. இதுங்க ரெண்டும் வண்டியப் புடிச்சிக்கினே பின்னால வந்துதுங்க."

மாமி பானையை நிமிர்த்தினாள். அன்றைக்கு மயிலாப்பூரில் திறந்த மெஸ் அது ஒன்றுதான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வேறு ஆள் என்ற பேச்சை அதற்குப் பிறகு மாமி எடுக்கவில்லை. தூரத்திலிருந்து வருகிறவள் என்று செல்விக்கு முதல் காப்பி மாமியே கலந்து கொடுக்கிறாள்.

பின்னால் வந்த இரண்டு பேரும் மழை விட்டதும் என் கடைக்கு வந்தார்கள். அவர்கள் வேறு ஆட்களைக் கூட்டி வந்தார்கள். சைக்கிளுக்கு எங்கே போவது? வேளச்சேரி அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில், பிள்ளைகள் வளர்ந்ததும் கைவிட்ட சைக்கிள்கள் வெள்ளத்தில் நனைந்து துருப்பிடித்துக் கிடந்தன. குடியிருப்போர் சங்கத்திடம் போய்க் கேட்டேன். எடுத்துக்கொண்டு போங்கள், இடம் சுத்தமாகும் என்றார்கள். துருவைத் தேய்த்தது நான், செயின் மாற்றியது நான், தூண்களுக்கு நடுவில் ஓடியது நான். வலை பின்னியது பரமேஸ். இந்த மார்கழியில் விடியமுன் நீங்கள் அந்தச் சதுப்பு நிலச் சாலைக்கு வந்து பார்க்க வேண்டும். பனிக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சேலைக்காரிகள் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொரு பின்சில்லிலும் எங்கள் ஊர் வலை. முன்னால் செல்வி, பெல் அடித்து நாய்களை விலக்கிக்கொண்டு. நான் ஒரு நாள் போய் ஓரமாக நின்றேன். "நைனா, உழக்கு உழக்கு" என்று கத்திக்கொண்டே போனார்கள். அச்சுவேலிச் சொல் அந்த வாய்களில் ஏறிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குடியிருப்போர் சங்கம் வேளச்சேரி ரயிலடிக்குப் பக்கத்தில் சைக்கிள்களுக்கு ஒரு கூரை போட்டது. நல்ல காரியம். கூரையில் ஒரு பலகையும் மாட்டியது. அதில் சங்கத்தின் பெயர், தலைவர் பெயர், கூரைக்குத் தகரம் கொடுத்தவர் பெயர். சங்கத்துப் பிள்ளை ஒருவர் எனக்குப் போனில் விளக்கம் சொன்னார்.

"வாலன்டியர்ஸ்னு பொதுவா போட்டிருக்கோம் அங்கிள். அதுல நீங்களும் வந்துடுவீங்க."

நான் வரமாட்டேன். பொதுவில் போய் உட்காருவதற்காகத் தனுஷ்கோடியில் இறங்கவில்லை. பலகையை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட செல்வி அன்றைக்கே சைக்கிளைக் கூரைக்கு வெளியே எடுத்து மதிலில் சாத்தினாள். "நைனா பேரு இல்லாத எடத்துல என் வண்டி நிக்காது" என்றாளாம். மற்றவர்களும் சாத்திவிட்டார்கள். இப்போது புதுக் கூரைக்குக் கீழே ஒரு நாய் மட்டும் படுத்திருக்கிறது.

நேற்று அந்தப் பிள்ளை மறுபடி கூப்பிட்டார். "சரி அங்கிள், பேர் போட்டுடலாம். ஊர் என்ன போடணும்?"

முப்பத்தைந்து வருஷமாகக் காவல் நிலையத்து அகதிப் படிவத்தில் ஒரு ஊர், கடைப் பலகையில் ஒரு ஊர் எழுதி வருகிறவன் நான். பரமேஸைப் பார்த்தேன். வலைநூலைச் சுருட்டிக்கொண்டே, "ரெண்டையும் சொல்லுங்கோவன்" என்றாள்.

ஆகவே எழுத்திலேயே தருகிறேன், சங்கத்தார் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். வலை பின்னியவர்: அச்சுவேலி, மயிலாப்பூர் பரமேஸ்வரி. மற்றதெல்லாம் செய்தவர்: அச்சுவேலி, மயிலாப்பூர் கதிர்காமு. இரண்டு ஊரில் எதையும் விடக்கூடாது, ஒரு சில்லைக் கழற்றிவிட்டு என்னை ஓட்டச் சொல்லக்கூடாது. இடம் போதாதென்றால் தலைவர் பெயரைச் சின்னதாக்கலாம். அதுவரைக்கும் வண்டிகள் வெயிலிலேயே நிற்கும்.