வசவால் வந்த எழுத்து

எங்கள் ஒன்றாம் வகுப்பில் எல்லோருக்கும் படிக்கத் தெரியும் என்றுதான் அந்தப் பள்ளிக்கூடமே நம்பிக்கொண்டிருந்தது. பாடப்புத்தகத்தை எந்தப் பக்கம் பிரித்துக் கொடுத்தாலும் கடகடவென்று ஒப்பிப்போம். அண்ணன்மாரும் அக்காமாரும் கத்திக் கத்திப் படித்ததைக் காதில் வாங்கிக்கொண்டே பள்ளிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். புத்தகம் தலைகீழாக இருந்தாலும் பாட்டு நிற்காது. பழைய வாத்தியாருக்கு அதுவே வசதியாக இருந்தது. நாங்கள் தொடங்கியதும் அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நிறுத்தினால் விழிப்பார். விழித்தால் பிரம்பு. ஆகையால் நிறுத்த மாட்டோம்.

சுதந்திரம் வந்து கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கொஞ்ச காலத்தில் அவர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு ஒரு டீச்சர் வந்தார். திருவொற்றியூர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த தெற்கத்திக்காரர் ஒருவரின் அண்ணன் மகள். இருபது வயதுகூட இருக்காது. வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, முகத்தில் எப்போதும் ஒரு கோபம். எங்களுக்கு அவர் பேசுவது புரியாது. அவருக்கு நாங்கள் பேசுவது சுத்தமாகப் புரியாது. குப்பத்துப் பிள்ளைகள் நாங்கள். அப்பன் கடலுக்குப் போவான், அம்மா மீன்கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் கத்துவாள். எங்களுக்கும் தொண்டை அப்படித்தான் அமைந்திருந்தது.

முதல் நாளே அவர் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டிக் கேட்டார்.

"இது என்னது பிள்ளைகளா?"

"வூடு!" என்றோம் கூரை அதிர.

"வீடு."

"வூடு!"

"எழுத்தப் பாருங்க. வீ... டு."

"வூ... டு" என்றோம், மிகுந்த பணிவோடு.

அவர் உள்ளங்கையால் படத்தை மூடி, எழுத்தை மட்டும் காட்டி, "இப்பச் சொல்லுங்க" என்றார். அவர் விரலிடுக்கில் படத்தைத் தேடினோம். பக்கத்தை மாற்றிப் பார்த்தார். அதற்கு முந்தின பக்கத்துப் பாட்டைப் பாடினோம். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டார். நடுவிலிருந்து எங்களுக்குத் தொடங்கத் தெரியாது. முதலிலிருந்துதான் ஓட்ட முடியும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே எழுத்து 'னை'. அந்தக் காலத்து அச்சில் அந்த எழுத்துக்கு முன்னால் ஒரு தும்பிக்கை வளைந்து தொங்கும். யானைப் படத்தின் கீழே எழுத்திலும் ஒரு யானை நிற்பது எங்களுக்கு நியாயமாகப் பட்டது. மற்ற எழுத்துகள் எதுவும் அப்படி ஒத்துழைக்கவில்லை.

டீச்சர் தலைமையாசிரியரிடம் போய், "சார், ஒரு பிள்ளைக்கும் வாசிக்கத் தெரியல" என்றார். "என்னம்மா சொல்றீங்க, தெருவரைக்கும் கேக்குதே!" என்றார் அவர். வகுப்புக்குத் திரும்பி வந்த டீச்சர் அந்தப் பாடவேளை முழுவதும் சன்னல் வழியே கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சந்தோஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு காலையில் பள்ளியின் பின்சுவரில் கரியால் ஒரு வரி முளைத்திருந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன்களின் வேலை. அவர்களில் ஒருவனே எங்களுக்கு அதைச் சத்தம் போட்டுப் படித்தும் காட்டினான்: 'டீச்சர் ஒரு கயிதே.' எங்கள் ஊரில் கழுதைக்கு அதுதான் பெயர்.

எங்கள் வகுப்பு மொத்தமும் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. மணி அடித்தும் நகரவில்லை. இவ்வளவு அருமையான ஒரு சங்கதி அந்தக் கோடுகளுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும் போலிருந்தது. எங்களைத் தேடிக்கொண்டு டீச்சரே வந்துவிட்டார்.

"என்னத்த இப்பிடி வாயப் பொளந்து பாக்குதிய?"

எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம். "டீச்சர் ஒரு கயிதேன்னு எய்திக்கீது டீச்சர்" என்றேன்.

"எது கயிதே? விரல வச்சுக் காட்டு."

காட்டினேன். சரியாகக் காட்டினேன். கடைசியில் நின்ற சொல் அது.

"அதுல எது க?"

அதையும் காட்டினேன். அவர் முகத்தில் முதல்முறையாகக் கோபம் போனது. பக்கத்திலிருந்தவளைக் கேட்டார், அவளுக்குப் பின்னால் நின்றவனைக் கேட்டார். ஆளுக்கொரு எழுத்தைத் தொட்டார்கள். ஒருவன் 'டீச்சர்' என்பதில் இருந்த 'ர்' உச்சியில் ஒரு புள்ளி இருப்பதைக் கண்டுபிடித்து, தங்கக் காசு கிடைத்தவன் போலக் கத்தினான்.

டீச்சர் குனிந்து தரையில் கிடந்த கரித்துண்டை எடுத்தார். 'கயிதே'யை அடித்துவிட்டு, பக்கத்திலேயே பெரிதாகக் 'கழுதை' என்று எழுதினார். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் அந்தப் பக்கம் வந்தார். சுவரில் 'டீச்சர் ஒரு கழுதை'. டீச்சர் கையில் கரி.

"என்னம்மா செய்றீங்க?"

"பிழை திருத்துதேன் சார்."

தலைமையாசிரியர் நின்றார், யோசித்தார், எதுவும் கேட்காமல் வந்த வழியே போய்விட்டார்.

அன்று மாலைவரை அந்த 'ழு'வோடு எங்களுக்குச் சண்டை. துணி வெளுக்கும் ஏகாலி வீட்டில் கட்டிக் கிடக்கிற கயிதேயை ஏன் கழுதை என்று எழுத வேண்டும் என்று கேட்டோம். "வாயில நீங்க எப்பிடி வேணும்னாலும் சொல்லுங்க, காகிதத்துல எல்லாரும் இப்பிடித்தான் எழுதுதாங்க" என்றார் டீச்சர். அது எங்களுக்குப் பிடித்திருந்தது. அதற்குமுன் யாரும் எங்கள் வாயை விட்டுவைத்ததில்லை.

மறுநாள் அவர் புத்தகத்தைத் தொடவே இல்லை. "உங்க வீட்டுல தினமும் சொல்லுத வார்த்தை ஆளுக்கொண்ணு சொல்லுங்க, போர்டுல எழுதுவோம்" என்றார். அம்மா, சோறு, கடல் என்று வரும் என்று நினைத்திருப்பார் பாவம். எங்கள் வீடுகளில் தினமும் சொல்லப்பட்டவை வேறு. கஸ்மாலம் என்றான் ஒருவன். பேமானி என்றாள் ஒருத்தி. நான் சோமாரி என்றேன். என் அம்மா பக்கத்து வீட்டுக்காரிக்கு வைத்திருந்த பெயர் அது. தெற்கத்திக்காரிக்கு அர்த்தம் ஒன்றும் தெரியவில்லை. சொன்னதையெல்லாம் வட்டவட்டமான அழகிய கையெழுத்தில் எழுதினார். கடைசி வரிசைப் பையன் சொன்ன ஒன்றையும் எழுதினார். அதை நான் இந்த வயதிலும் இங்கே எழுத மாட்டேன். தண்ணீர்ப் பானை வைக்க வந்த ஆயா, அவருக்கு எழுத்து தெரியாது, டீச்சர் அதைக் கூட்டிக் கூட்டி வாசித்ததைக் கேட்டுப் பானையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு டீச்சரின் காதில் ஏதோ சொன்னார். டீச்சர் காதுமடல்வரை சிவந்து அந்த ஒன்றை மட்டும் அழித்தார். மற்றவை இருந்தன.

'சோ' எனக்குப் பெரிய ஆச்சரியம். சத்தம் ஒன்று, ஆனால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் ச மாட்டிக்கொண்டு நிற்கிறது. சிலேட்டில் எழுதி எழுதிப் பார்த்தேன். சிலேட்டு போதவில்லை. வீட்டுக்கு வந்ததும் அடுப்பிலிருந்து ஒரு கரியை எடுத்துக்கொண்டு, இந்தச் சொல் யாருக்கு உரியதோ அவர்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரிலேயே எழுதினேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பொருத்தமான இடமாகப் பட்டது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரியும் என் அம்மாவும் ஒரே இடத்தில் மீன் விற்பவர்கள். நிழல் விழும் மூலை யாருக்கு என்பதில் தொடங்கிய பகை அது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த அவள் புருஷனுக்குத் தெரியும். அவர் சாயங்காலம் வந்து வாசலில் நின்று அதைப் படித்ததும் தெருவே கூடிவிட்டது. எழுதியது யார் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் கை கரியாக இருந்தது.

மறுநாள் காலையில் இரண்டு அம்மாக்களும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். வழி நெடுக ஒருத்தியை ஒருத்தி வைதுகொண்டே, ஆனால் பக்கம் பக்கமாகவே நடந்தார்கள். பின்னால் நானும், பக்கத்து வீட்டுக்காரியின் மகளும். அவளும் என் வகுப்புதான். வாய் திறக்காத பிள்ளை. பலப்பத்தால் எழுத மாட்டாள், தின்பாள்.

என் அம்மா வகுப்பு வாசலில் கூடையை இறக்கினாள். "இன்னா டீச்சரம்மா, புள்ளைக்கு இன்னாத்தக் கத்துக் குடுத்துகினு கீற?"

டீச்சர் மிரண்டு போனார். "நீங்க வீட்டுல சொன்ன வார்த்தைதாம்மா..."

"நா வாயால சொன்னேன். அது காத்தோட பூட்ச்சி. அவளும் வாயால சொன்னா, அதுவும் பூட்ச்சி. இத்தினி வருசமா அப்பிடித்தான் சண்ட போட்டுகினு கீறோம். இவ எய்தி வெச்சிட்டாளே! அது அங்கயே குந்திகினு கீதே!"

"தண்ணி ஊத்தி அழிச்சிரலாம்மா."

"அயிச்சா? அவ புருசன் படிச்சத எங்கேர்ந்து அயிக்கிறது?"

எழுத்து என்றால் என்ன என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் டீச்சருக்கு இப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி முன்னால் வந்தாள். "தே, நீ நவுரு. எங் கேள்வி வேற" என்று என் அம்மாவை ஒதுக்கிவிட்டு, தன் மகளைப் பிடித்து டீச்சருக்கு முன்னால் தள்ளினாள். "ரெண்டும் ஒரே கிளாசு. அது எய்துது. என்னுது இன்னாத்துக்கு எய்தல? அவ புள்ளைக்கு மட்டும் ஒயுங்காச் சொல்லிக் குடுத்துகினு கீறியா? நா திருப்பிக் குடுக்க வாணாமா?"

அவளுடைய அவமானம் எங்கே என்று எல்லோருக்கும் அப்போதுதான் தெரிந்தது. டீச்சர் அந்தப் பிள்ளையிடம் குனிந்தார்.

"உனக்கு என்ன எழுதணும்?"

பிள்ளை என் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டீச்சரின் காதில் ஏதோ சொன்னாள். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரி, படிச்சுக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து அவள் பலப்பத்தைத் தின்பதை விட்டாள். டீச்சர் அவளைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. அவள் கேட்கிற எழுத்தை மட்டும் தரையில் மணலைப் பரப்பி எழுதிக் காட்டுவார். அவள் விரலால் அதன்மேல் போவாள். கேட்காத எழுத்தைத் திணிக்க மாட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

சில நாள் கழித்து எங்கள் வீட்டுச் சுவரில் கரியில் எழுத்து வந்தது. கோணல்மாணலாக, ஆனால் பெரிதாக. அம்மா மீன் விற்றுவிட்டு வந்து, கூடையைக்கூட இறக்காமல் என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னா எய்திக்கீறா பாரு. ஒண்ணத்தையும் மறைக்காத சொல்லு."

எழுத்தைக் கூட்டினேன். எனக்கே நம்பிக்கையில்லாமல் மறுபடி கூட்டினேன். "உங்கம்மா தேவி" என்றேன்.

"இன்னாது?"

"தேவிம்மா. சாமி மாரி."

"மெய்யாலுமா? என்னையா?"

அம்மா கூடையை இறக்கிவிட்டுச் சுவரையே பார்த்தாள். அவளை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை, என் அப்பா உட்பட. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இரவு குழம்பில் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கே என்ன நடந்தது என்று மறுநாள் அந்தப் பிள்ளை சொன்னாள். அவள் எழுத நினைத்தது 'மூதேவி'. 'மூ' மட்டும் வரவில்லை. வராத எழுத்தை விட்டுவிட்டு வந்ததை எழுதிவிட்டு வந்துவிட்டாள். அவள் அம்மா குழம்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாடி எய்தின? மீன் கொயம்பு குடுத்து அனுப்புறா?" என்று தலையில் அடித்துக்கொண்டாளாம். குழம்பைச் சாப்பிட்டார்களாம்.

பிள்ளை டீச்சரிடம் போய் மூ கேட்டாள். டீச்சர் மணலில் 'மு' போட்டார், அதன் வாலை ஒரு சுழி சுழித்து 'மூ' ஆக்கிக் காட்டினார். அன்று பகல் இடைவேளையிலேயே அவள் கரியோடு எங்கள் வீட்டுக்கு ஓடினாள். அம்மா வாசலில் உட்கார்ந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு எயுத்து உட்டுட்டேன் அத்தே. போட்டுட்டுப் பூடறேன்."

இன்னும் ஏதோ புகழ்ச்சி வரப்போகிறது என்று அம்மா நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். "நல்லாப் பெருசாப் போடும்மே" என்றும் சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் நான் வந்து படித்தேன். அம்மா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய், "அடியே, உம் புள்ள படிச்சிட்டாடி! என்னியே எடம் உடச் சொல்லி எய்திட்டுப் போய்க்கீறா!" என்று கத்தினாள். உள்ளேயிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. அவர்கள் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அதனால் சண்டை ஓய்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நிழல் மூலை அப்படியே இருந்தது. ஆனால் அன்று அம்மா என்னிடம், "எந்த எயுத்து புச்சாப் போட்டுக்கீறா?" என்று கேட்டாள். தொட்டுக் காட்டினேன். செதில் ஒட்டிய ஈரக் கையால் அந்த ஒன்றை மட்டும் துடைத்தாள். தேவி மிஞ்சியது.

மறுநாள் பிள்ளை மறுபடி வந்து மூ போட்டுவிட்டுப் போனாள். அம்மா துடைத்தாள். அடுத்த நாளும் அப்படியே. கொஞ்ச நாளில் அம்மா என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். தெரு முனையில் வரும்போதே சுவரைப் பார்த்து, "வந்து குந்திகினு கீது பாரு மூ" என்பாள். டீச்சரிடம் இதைச் சொன்னோம். "சுழி சரியா வருதா?" என்று மட்டும் கேட்டு, பிள்ளையைப் போர்டில் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினாள். பிறகு எங்கள் எல்லோரையும் அதைப் பார்த்து எழுதச் சொன்னார்.

வகுப்பிலேயே அழகான மூ அவளுடையதுதான். என்னுடையது இன்றைக்கும் கொஞ்சம் கோணல்.