வார்டு என்றால் காவல்

அக்காவின் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே இறந்துபோனது. அதன்பிறகு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. நயினார்கோவில் பக்கத்தில் எங்கள் வீடு. கொஞ்சம் அசந்தால் பிள்ளையைத் தேடிக் கண்மாய்க்குள் இறங்கிவிடுவாள். ஒருமுறை கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து இழுத்துவந்தார்கள். அன்றே, நாங்கள் அய்யா என்றழைக்கும் அப்பா, சரக்கறையிலிருந்த மிளகாய் மூட்டைகளை வெளியே எடுத்துப்போட்டு, அந்த அறையில் அவளை வைத்துப் பூட்டினார். உள்ளே அவள் கத்தும்போதெல்லாம் கதவோரம் உட்கார்ந்து, "இங்கனதாம்மா இருக்கேன்" என்பார்.

ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய்ச் சில வாரம் தங்கினோம். அங்கே மகனோடு வந்திருந்த ஒரு அம்மா, மதுரையில் ஒரு மனநல ஆஸ்பத்திரியைச் சொன்னார். அங்கே அக்காவைப் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். கம்பிக் கதவுக்கு அப்பால் அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அய்யா கேட்டார், வார்டு என்றால் என்னவென்று. நான் ராமநாதபுரத்தில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி அறை என்றேன். முனிசிபாலிட்டியிலும் வார்டு என்கிறார்களே என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

கல்லூரி நூலகத்தின் பெரிய அகராதியில் பார்த்தேன். பழைய ஆங்கிலத்தில் அது காவலையும் காவல்காரனையும் குறித்த சொல். பிறகு காக்கப்படுகிறவருக்கும் அதுவே பெயரானது. பெற்றோர் இல்லாமல் பிறர் பொறுப்பில் வளரும் பிள்ளை ஒரு வார்டு. நகரத்தின் பகுதி, ஆஸ்பத்திரிக் கூடம், சிறையின் பிரிவு எல்லாம் பின்னால் வந்தவை. வேறு சாவி திரும்பாதபடி பூட்டுக்குள் இருக்கும் தடுப்புக்கும் அதே பெயர். காவலாளியைக் குறிக்கும் கார்டு என்ற சொல்லும் அதே வேரில் முளைத்து, பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததாம்.

அய்யாவிடம் காவல் என்று மட்டும் சொன்னேன்.

"மொளகாக் கொல்லைக்கு ராத்திரி இருக்கமே, அந்தக் காவலா?"

"ஆமாய்யா."

மூட்டை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் அவளப் பூட்டி வச்சது? அது காவலா, செறையா?" என்றார்.

இரண்டுக்கும் அகராதியில் ஒரே சொல்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மழைக்காலம் முடிந்து அக்கா வீடு திரும்பினாள். மாத்திரையில் தூங்கினாள், சமைத்தாள், குறைவாகப் பேசினாள். கணவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. வருடங்கள் போயின.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது ஓட்டுக் கேட்டு வந்தவர், "நீங்க நம்ம வார்டுதானக்கா" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். அக்கா புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாள். அய்யா அவளருகே போய்க் குனிந்தார்.

"அது தெருக்கணக்கும்மா. ஒன்னைய எங்கயும் கொண்டுபோய் விட மாட்டேன்."

"போன தடவையும் இப்பிடிச் சொல்லித்தானய்யா கூட்டிப் போனீக?"

அவர் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

ஓட்டுப் போட நான் மட்டும்தான் போனேன்; அய்யா அவளை விட்டு வரவில்லை. திரும்பி வந்தபோது முற்றத்தில் இருவரும் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்தேன்.