உப்புத் தண்ணீர் கேட்ட விருந்தாளி

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு மீன் சாகக் கிடந்தது. விஷம் வைத்தது நான்தான்... கேன் தண்ணீர் ஊற்றி!

என் மச்சினன் அருள் லாரி ஓட்டுகிறான். ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய் லோடு ஏற்றிக்கொண்டு குஜராத் வரை போவான். இந்த முறை கட்ச் பக்கம், உப்பளத்தை ஒட்டிய குட்டையில் ஒரு மீனைப் பிடித்து, அந்தத் தண்ணீரோடு கேனில் கொண்டுவந்துவிட்டான். விரல் நீளம். வெள்ளி உடம்பு. மஞ்சள் வால்.

"மச்சான், இது பாலைவனத்து மீனு. எம்புட்டு வெயிலையும் தாங்கும். லாரி கேபின்லயே வந்துருச்சுன்னா பாருங்களேன்! அடுத்த லோடுக்கு முன்னாடி வந்து பாப்பேன். பத்திரம்!"

என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தம்பி என்றால் உயிர். தம்பி கொண்டுவந்த மீனும் அப்படித்தான். "ஏங்க, இதுக்கு மட்டும் ஏதாச்சும் ஆச்சு..." என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள். மீதி எனக்கே தெரியும்.

திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பக்கெட் வெள்ளை பூத்துவிடும். குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைப்போம். தீர்ந்தால் கேன். வீட்டுக்கு யார் வந்தாலும் நல்ல தண்ணீர்தான் தருவோம். விருந்தாளிக்குப் போர் தண்ணீரை நீட்டினால் என்ன மரியாதை?

அவ்வளவு தூரத்திலிருந்து வந்த மீனும் விருந்தாளிதானே! குட்டைத் தண்ணீர் நாறியது. அதைக் கொட்டிவிட்டு, கண்ணாடித் தொட்டி நிறையக் கேன் தண்ணீர் ஊற்றி மீனை விட்டேன். பளிங்கு மாதிரி இருந்தது. எனக்கே பெருமை.

மறுநாள் மீன் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. துடுப்பை மடக்கிக்கொண்டு கிடந்தது. தீனியைத் தொடவில்லை. தண்ணீர் பழசாகிவிட்டதோ? இன்னொரு கேனைப் பிரித்து ஊற்றினேன். மீன் ஒருக்களித்தே போனது.

கலர் மீன் கடையில் கேட்கலாம் என்று போனேன். அங்கே நாலு பேர் நின்றார்கள். கூட்டத்தில்தான் எனக்கு வாய் திறக்காதே... ஒரு தீனி பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஸ்டெல்லாதான் தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல்.

"என்ன தண்ணிக்கா ஊத்துனீங்க?"

"நல்ல தண்ணிதான்டா. கேன் தண்ணி."

"அட ஏன்க்கா! அது உப்புலயே பெறந்து வளந்த மீனு. நம்ம போர் தண்ணின்னா அதுக்கு பிரியாணி மாதிரி. அந்த மனுசன நம்பிக் குடுத்தேன் பாரு!"

"பாத்துப் பேசுடா. அவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

"ஐயோ மச்சான்... நல்லா இருக்கீங்களா? ஒரேடியா ஊத்திறாதீங்க. சொம்பு சொம்பா மாத்துங்க."

மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு சொம்பாக மாற்றினேன். ஸ்டெல்லா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அதுதான் பயமாக இருந்தது. விடிந்து பார்த்தால்... துடுப்பு விரிந்திருந்தது! கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தோடு சண்டைக்கு நின்றது அந்த மீன்.

பாவம், அதுவும் என்னைப் போலத்தான். அன்பாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. செம்பட்டியில் மாமியார் வீட்டுக்குப் போனால் எனக்குக் காபிதான் வரும். எனக்கோ டீதான் பிடிக்கும். கல்யாணமான புதிதில் சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்தை இன்றுவரை காபியோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, மீன் கொடுத்த தைரியத்தில் சொல்லிவிட்டேன். "அத்தை... எனக்கு டீ போதும்."

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இத அன்னைக்கே சொல்லக் கூடாதா மாப்ள? இந்த வீட்ல காபி குடிக்கிற ஆளே இல்ல. ஒங்களுக்காகத் தூள் வாங்கிட்டு, மிச்சத்த நாங்கள்ல மூக்கப் பிடிச்சுக் குடிச்சுத் தீக்குறோம்!"