மாமா போட்ட ரோடு

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நின்று எலுமிச்சை சோடா குடித்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. வெள்ளைச் சட்டை, கழுத்தில் சங்கிலி, வாய் நிறையச் சிரிப்பு. படத்துக்குக் கீழே ‘மலைப்பாதை கண்ட மாமனிதர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சோடா எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடிப்பதற்குள் ராஜபாளையம் பஸ்ஸும் போய்விட்டது.

அந்த மனிதர் எந்த மலையிலும் எந்தப் பாதையையும் காணவில்லை. பாதையே இல்லாத இடத்துக்கு எங்களை ஒரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு போனவர் அவர். செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசலாமா என்று கேட்பீர்கள். செத்தவரைப் பற்றிப் பொய் எழுதலாம் என்றால் உண்மையையும் பேசலாம். அவர்கள் எழுதிவிட்டார்கள். நான் பேசுகிறேன்.

எலுமிச்சை வாசனை வந்தாலே எனக்கு அந்த வேன்தான் ஞாபகத்துக்கு வரும். வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட், மல்லிகைப் பூ, பால்கோவா, டீசல் எல்லாம் கலந்த ஒரு நாற்றம். அதற்கு மேலே நகத்தால் கீறிய எலுமிச்சம்பழம்.

அப்போது நானும் கணேசனும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தோம். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவான், நான் உள்ளூர். மில்லில் எங்களுக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். அவர் சட்டையைப் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று சொன்னவனுக்கு அன்றைக்கு லேசான வேலை. ஒரே சட்டையை ஒரே வாரத்தில் மூன்று பேர் புகழ்ந்தாலும் மூன்று பேருக்கும் சிரிப்பார். நான் மட்டும் யோக்கியன் என்று சொல்லவில்லை. தென்காசி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்காரன் ‘உங்க நிறத்துக்கு இது எடுப்பா இருக்கும் சார்’ என்றான் என்பதற்காக ஊதா நிறத்தில் பேன்ட் எடுத்தவன்தான் நானும். ஆனால் என் பேன்ட்டால் யாருடைய கல்யாணமும் நிற்கவில்லை.

கணேசன் ஈஸ்வரியைப் பார்த்தது மகாராஜபுரத்தில், ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில். அவளுக்கு ஊர் கடமலைக்குண்டு, மலைக்கு அந்தப் பக்கம், வருசநாட்டுக்குப் பக்கத்தில். அவளுடைய அப்பா வீட்டு முன்பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையில் போன் உண்டு. அவர் மத்தியானம் சாப்பிடப் போனால் ஈஸ்வரி கடையில் உட்காருவாள். அந்த நேரம் பார்த்து இவன் மில்லுக்கு வெளியே எஸ்டிடி பூத்தில் நிற்பான். ஒரு வருஷம் போனிலேயே ஓடியது. கடைசியில் அவளே அவள் அப்பாவிடம் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தாள். அவர் மனசு ஒப்பி ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அக்கா மகன் ஒருவன் கைவசம் இருந்தான்.

“வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முந்தித் தட்டு மாத்திரணும். நீங்க வரலைன்னா எங்கக்கா மகன் அங்கனதான் இருப்பான்” என்று சொல்லியே அனுப்பினார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் மம்சாபுரத்து மாமா வருகிறார். கணேசனின் தாய்மாமன். பிளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்தவர். எங்கள் பக்கம் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டு முதல் தட்டைத் தாய்மாமன்தான் தூக்க வேண்டும். அவர் தூக்கவில்லை என்றால் மற்றத் தட்டுகள் நகராது. அதனால் நிச்சயம் பேசின நாளிலிருந்து தட்டு மாறுகிற நிமிஷம் வரைக்கும் அவர்தான் ராஜா. அவர் மேற்கே சூரியன் உதிக்கிறது என்றால் வீட்டில் எல்லாரும் மேற்கே பார்த்துக் கும்பிட வேண்டும். மாமாவுக்கு இது தெரியும். நன்றாகவே தெரியும்.

மாமா ஒரு காலத்தில் வார்டு மெம்பராக இருந்தவர். எங்கள் பக்கத்திலிருந்து மலை வழியாக வருசநாட்டுக்கு ரோடு வேண்டும் என்று ஒரு மனு கொடுத்திருந்தார். கோரிக்கை நல்ல கோரிக்கைதான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்குப் போக, அழகாபுரி, கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று மலையையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். மனு கொடுத்தார், சரி. அதோடு விட்டிருக்கலாம். அவரோடு சுப்பையா என்று ஓர் ஆள் சுற்றிக்கொண்டிருந்தான். காலையில் டீ, மத்தியானம் சோறு, சாயங்காலம் மறுபடியும் டீ, எல்லாம் மாமா கணக்கு. அதற்கு அவன் கொடுத்தது வாய் மட்டும். ஒருநாள் அவன் வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத்து அணைப்பக்கம் போய்விட்டு வந்து, “மாமா, ஒங்க ரோடு வேலை நடக்கு. சல்லி கொட்டிக் கெடக்கு. ஒங்க பேரைச் சொல்லித்தான் அங்கன பேசிக்கிடுதாங்க” என்று சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து அந்த ரோடு வளர ஆரம்பித்தது. டீக்கடையில் ஒருவன் தார் போட்டாச்சா என்று கேட்டான். மாமா பாதி போட்டாச்சு என்றார். அடுத்த மாதம் முழுவதும் போட்டாச்சு. மம்சாபுரத்திலிருந்து அணைப்பக்கம் எவ்வளவு தூரம்? ஒரு சைக்கிள் எடுத்துப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். போகவில்லை. புகழ்ச்சியை எவனாவது சோதித்துப் பார்ப்பானா?

நிச்சயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கணேசன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அஞ்சு மணிக்கு வேனை எடுத்தால்தான் சரியாக இருக்கும் என்று நான் சொன்னேன்.

“அஞ்சு மணிக்கா? நாம என்ன மாட்டுச் சந்தைக்கா போறோம்?” என்றார் மாமா. “நம்ம ரோட்டுல போனா செத்த நேரத்துல போயிரலாம். மலையேறி எறங்குனா அவிய வீட்டு வாசல்.”

“எந்த ரோடு மாமா?”

சுப்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன தம்பி இப்பிடிக் கேட்டுட்டீக? மாமா போட்ட ரோட்டுல மொத மொதல்ல மாமா மருமகன் நிச்சயத்துக்குப் போறாக. அதுல எம்புட்டுப் பெருமை இருக்கு. அது வெளங்காம பேசுதீகளே.”

“சரி, யாராவது அதுல போயிட்டு வந்திருக்காங்களா?”

மாமா முகம் சுருங்கியது. கணேசனின் அம்மா என் சட்டையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். “ஏலே, வாயை மூடிக்கிட்டுச் சும்மா இரி. எங்கண்ணன் மொகம் கோணுச்சுன்னா தட்டைத் தொட மாட்டான். பொறவு ஒன் கூட்டாளிக்கு நீயா தட்டு தூக்குவ?”

வெளியே வந்தால் கணேசனும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். “மாமா சொன்னா சரியாத்தாம்ல இருக்கும்.” அந்த வீட்டில் இருந்த அத்தனை பேர் முகத்திலும் ஒரு நிம்மதி. மாமாவை நம்பியதால் வந்த நிம்மதி அல்ல. காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டாம் என்ற நிம்மதி. நம் ஆட்களின் பயணம் எல்லாமே இப்படித்தான். ‘பக்கத்துலதான்’ என்று எவன் சொல்கிறானோ அவன்தான் வழி தெரிந்தவன். தூரம் என்று சொல்கிறவன் துக்கிரி. இப்போது ஒவ்வொருவன் கையிலும் மேப் இருக்கிறது. குளித்துக்கொண்டே ‘இந்தா வந்துட்டேன்’ என்று சொல்கிறவன் இன்றும் அப்படித்தான் சொல்கிறான்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வேன் கிளம்பியது. முன் சீட்டில் மாமா, பக்கத்தில் சுப்பையா. டிரைவர் ராஜபாளையத்து ஆள், கோபம் வந்தால் தெலுங்கு பேசுவார். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அதில் சிக்கி நின்றபோது டீக்கடையிலிருந்து எவனோ ஒருவன் மாமாவுக்கு வணக்கம் வைத்துவிட்டான். போச்சு. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கினார். வணக்கம் வைத்தவனுக்கு வடை வாங்கிக்கொடுத்து, எங்கே போகிறோம், எந்த ரோட்டில் போகிறோம், அந்த ரோட்டைப் போட்டது யார் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஏறினார். கணேசன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

மகாராஜபுரம் தாண்டும்போது, எருமை பத்திக்கொண்டு வந்த ஒருவரிடம் டிரைவர் வழி கேட்டார்.

“வருசநாட்டுக்கா? வேன்லயா?” அவர் வேனுக்குள் எட்டி எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார். “நடந்து போனாலே பொழுது சாஞ்சிரும். யானை வேற நிக்கி.”

“ரோடு போட்ட சங்கதி இவனுகளுக்கு எங்க தெரியும்?” என்றார் மாமா. “எருமைக்குப் பின்னாலயே சுத்துதானுக. நீ ஓட்டுப்பா.”

அணைப்பக்கம் ஒரு மாந்தோப்பு வேலிக்கு முன்னால் ரோடு முடிந்தது. அங்கே சல்லி கொட்டிக் கிடந்தது. சுப்பையா அந்த அளவுக்குப் பொய் சொல்லவில்லை. குவியலின் உச்சியில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. அதற்கு அப்பால் முள்ளுக்காடு, காட்டுக்கு மேலே மலை. வானம் வரைக்கும் மலைதான். தோப்புக் காவல்காரர் வந்து, “இந்தச் சல்லியா? மொதலாளி தோப்புக்குள்ள பாதை போடக் கொட்டுனது” என்றார்.

டிரைவர் இறங்கி இடுப்பில் கைவைத்து நின்றார். “ரோடு எக்கட?” என்றார்.

சுப்பையாதான் முதலில் வாயைத் திறந்தான். “அந்தப் பக்கத்துல இருந்து போட்டுக்கிட்டே வாராக போல, மாமா.”

மாமா குனிந்து ஒரு சல்லியை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தார். “சல்லி நல்ல சல்லி” என்றார்.

இதைக் கேட்டுவிட்டும் அந்த மனிதரை அங்கேயே விட்டுவிட்டு வராத கூட்டம் நாங்கள். ‘பரவாயில்ல மாமா, நீங்க என்ன செய்வீக’ என்று இரண்டு பேர் தேற்ற வேறு செய்தார்கள். தட்டு தூக்க வேண்டுமே.

வந்த வழியே திரும்பிக் கிருஷ்ணன்கோவில் வந்து, கல்லுப்பட்டி வந்தோம். வெயில் ஏறிவிட்டது. மாமாவுக்குத் தலை சுற்றுகிறதாம். பெண் வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்கத் தட்டில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தார். அது போனதும் அடுத்தது. பிறகு வேன் முழுக்கப் பழம் கைமாறியது. கணேசன் மட்டும் எதையும் தொடவில்லை. பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பூ வாடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தான்.

பேரையூரில் வேனை நிறுத்தி ஒரு பூத்துக்கு ஓடி, ஈஸ்வரி கடைக்குப் போன் போட்டான். பூத்துக்குக் கதவு கிடையாது. ஈஸ்வரி குரல் எனக்கே கேட்டது.

“எங்க இருக்கீக?”

“பேரையூர்ல.”

“பேரையூரா?” என்றாள். பின்னால் அவள் அப்பா, “நேரம் தாண்டிப்போச்சு, போனை வையி” என்று சொன்னது கேட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. அக்கா மகன் புதுச் சட்டையில் நின்றான். தட்டு மாறிவிட்டது. ஈஸ்வரியின் அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். சொன்னதைச் செய்தார். நான் குறை சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை. அவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். வேனிலிருந்து முதலில் இறங்கி ஓடிய சுப்பையா அவர் காதில் மாமாவின் பெருமையை அதற்குள் ஓதியிருந்தான்.

“ஐயாவைப் பத்தித் தெரியாமப் போச்சே. ரெண்டு பக்கத்து ஜனத்துக்கும் ரோடு கேட்டு அலைஞ்ச மனுசரா நீங்க? ஒங்கள மாதிரிப் பெரிய மனுசக எங்க வாசல் மிதிச்சதே போதும்” என்று சொல்லி, மாமா தோளில் ஒரு துண்டைப் போட்டார். மருமகன் கல்யாணம் கைவிட்டுப் போன வீட்டில், மாமா துண்டோடு போய் இலையில் உட்கார்ந்தார்.

“எந்திரிங்க மாமா, போவோம்” என்றேன்.

“செத்த நேரம் பொறுப்பா. மரியாதை பண்ணுதாக. பாதியில எந்திரிக்கப்படாது.” பாயசத்தை இரண்டாவது தடவை ஊற்றச் சொன்னார்.

கணேசன் கடைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றான். கையில் இன்னும் பூத்தட்டு. பூ வாடவில்லை. ஈஸ்வரி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நான் நகர்ந்து போவதற்குள் பேசிவிட்டாள்.

“காலையில பஸ்ஸப் பிடிச்சு நீங்க ஒராளு மட்டும் வந்திருந்தாக்கூடப் போதுமே. எங்கய்யாவ எப்படியாச்சும் நிறுத்தி வச்சிருப்பேன்.”

“மாமா...” என்று ஆரம்பித்தான். அவள் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது உசிலம்பட்டி தாண்டி மாமா சொன்னார். “நல்ல மனுசன்யா. பொண்ணு குடுக்கலைன்னாலும் மரியாதை குடுத்தான்.”

“ஒங்க மொகத்துக்குத்தான் மாமா” என்றான் சுப்பையா.

மாமா அதற்குப் பிறகும் நிறையக் காலம் சந்தோஷமாக இருந்தார். சொந்தத்தில் எல்லா விசேஷத்திலும் முதல் மரியாதை வாங்கினார். அந்தத் துண்டைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தாராம். எங்கள் மில்லை மூடிவிட்டார்கள். பூத் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. வேனைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. கணேசனின் அம்மாவும் போய்விட்டார். அணைப்பக்கம் கிடந்த சல்லியைத் தோப்புக்காரர் அப்போதே அள்ளிப் போட்டு முடித்துவிட்டார். அன்றைக்கு இருந்தது எதுவும் இப்போது இல்லை. அன்றைக்கு இல்லாத ரோடு மட்டும் பிளெக்ஸில் இருக்கிறது. கீழே ஓரத்தில் ‘இங்ஙனம்’ என்று போட்டுச் சுப்பையாவின் பெயர். நடை தளர்ந்தாலும் தொழிலை விடவில்லை அவன்.

கணேசன் திருப்பூரில் இருக்கிறான். பிந்தித்தான் கல்யாணம் செய்தான். இரண்டு பெண் பிள்ளைகள். எந்த விசேஷத்துக்கும் முந்தின நாளே பஸ்ஸில் தனியாகப் போய் இறங்கிவிடுவான். வேன் பிடிக்கிறோம், சேர்ந்து போவோம் என்று யாராவது சொன்னால் டிக்கெட் எடுத்தாச்சு என்பான். ‘மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று தலையாட்டிய அந்தப் பையன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியவில்லை.

பிளெக்ஸைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். சிரிப்பான், இல்லாவிட்டால் திட்டுவான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போன் வந்தது. மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஏலே, மலைக்கு அந்தப் பக்கம் போக இப்பவும் ஆண்டிபட்டி வழியாத்தான் போகணுமா?”

“ஆமா.”

“அஞ்சு மணிக்குக் கெளம்பியிருந்தா ஒம்பது, ஒம்பதரைக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருப்போம்லா” என்றான்.