பல்லில் கடித்த கயிறு

எங்கள் அண்ணி வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அவளை அடக்கத் தெரிந்தது ஆறு ஒன்றுதான். கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் நாங்கள். பனையோலைப் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். கூடை முன்னால் மிதக்கும், இரண்டு கையும் சேற்றைத் துழாவும். வாயைத் திறந்தால் கூடை ஆற்றோடு போய்விடும். அதனால் தண்ணீருக்குள் எல்லோரும் ஊமைகள்.

காட்டுப்பள்ளிப் பக்கம் எண்ணெய் டாங்குகள் வந்த பிறகு அந்த அமைதி எனக்குப் பிடிக்காமல் போனது. முன்பெல்லாம் கொக்கும் நாரையுமாவது கத்திக்கொண்டிருக்கும். இப்போது கரையோரக் கண்டல் மரங்கள் முட்டி உயரத்துக்கு எண்ணெய் படிந்து கறுத்து நிற்கின்றன, ஒரு பறவைகூட உட்காருவதில்லை. ஆற்றின் குறுக்கே தோண்டிக் குழாய் புதைத்தார்கள். அந்த இடத்துச் சேற்றில் உள்ளங்கையை வைத்தால் ஓர் அதிர்வு ஏறும். யாரோ அடியில் படுத்து முனகுவதுபோல் இருக்கும். எனக்குப் பயம். கரையேறிச் சொன்னால், "இன்னாடி, பைப்புக்குள்ள பேய் குடி வந்துகீதா?" என்று அண்ணி கிண்டல் செய்வாள்.

அன்று காலை நீர் வற்றும் நேரத்தில் இறங்கினோம். இடுப்பளவுத் தண்ணீர், கால் பழகிய தடம். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தபோது அண்ணியின் கூடை மட்டும் தெரிந்தது. தலையைக் காணோம். நீர் கடலைப் பார்த்து ஓடுகிறது, கூடை மட்டும் அதை எதிர்த்து மெல்ல நகர்கிறது. குழாய்க்காரர்கள் மறுபடி வந்து தோண்டியதும், குழியை மூடாமல் போனதும் எங்களுக்குத் தெரியாது; அண்ணி கால் தவறி அதற்குள் போயிருந்தாள்.

என் கயிற்றைத் துப்பிவிட்டு நீந்திப் போய் அவள் கூடையை இழுத்தேன். கயிறு விறைத்தது. கயிற்றோடு அண்ணியும் வந்தாள், பல்லைக் கடித்தபடியே. கரையில் போட்டதும் இருமி இருமி மூச்சு விட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பியது, கூடவே கோபமும் வந்தது.

"கயித்த உட்டுட்டுக் கத்தினா இன்னா அண்ணி?"

"உட்டா எறா பூடுமே."

கூடையைக் கவிழ்த்தோம். இறாலெல்லாம் டீசல் வாடை. மார்க்கெட்டில் எப்போதும் எங்களிடம் வாங்குகிறவள் முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை உதறினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து அதையே அண்ணி குழம்பு வைத்தாள். பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். அவள் மட்டும் ஒன்று விடாமல் தின்று முடித்தாள்.