எண்ணெய்க்குப் பயந்தவர்

மிர்சினி கணவரின் தட்டில் எண்ணெய்க் குப்பியைச் சாய்த்தாள். இக்னாதிஸ் தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். வெந்த கீரையின் மேல் விழ வேண்டிய ஆலிவ் எண்ணெய் மேஜை விரிப்பில் விழுந்து பரவியது.

"விரிப்பு சாப்பிடட்டும். அதுக்கு மாரடைப்பு வராது," என்றார்.

"நான் சமைக்கிறதெல்லாம் நாய்க்குத்தான் போகுது."

"நாய் நல்லாத்தானே இருக்கு?"

நாய் நன்றாகத்தான் இருந்தது. கால்சட்டை நழுவாமலிருக்கக் கயிறு கட்டியிருந்தது இக்னாதிஸ்தான்.

கிரேக்க நாட்டின் எங்கள் லெஸ்வோஸ் தீவில் படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்தே அறுபதைத் தாண்டியவர். பன்றிக் கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கையும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியையும் வேலைக்கு நடுவே நின்றபடியே தின்பார். போன இலையுதிர்காலத்தில் ஒரு படகின் அடித்தளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நகரத்து மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது பெரிய டாக்டர் நின்றபடியே சொன்னார்: "கொழுப்பைக் குறைங்க." எந்தக் கொழுப்பு என்று இவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து தானே யோசித்தார். ஈஸ்டருக்கு முந்தைய விரத நாட்களில் எண்ணெயும் விலக்கு. தேவாலயமே விலக்குகிறது என்றால் உடம்புக்கு அது கெடுதலாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே வருடம் முழுவதையும் விரதமாக்கிக்கொண்டார். விரதத்தில் ஆலிவ் காய்க்குத் தடையில்லை. எள் அல்வாவுக்கும் இல்லை. பசித்தபோதெல்லாம் ஜாடியில் கைவிட்டு, உப்புநீர் சொட்டச் சொட்ட ஆலிவ் காய்களை அள்ளித் தின்றார். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

மிர்சினி பாதிரியாரை அழைத்து வந்தாள். நோயாளிக்கு விரதம் கிடையாது, விரதம் மருந்தும் கிடையாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவர் போனதும் இக்னாதிஸ், "அந்தத் தொப்பையை வச்சுக்கிட்டு வேற என்ன சொல்வார்?" என்றார்.

விரிப்பிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக் குனிந்த மிர்சினி அவருடைய கால்களைப் பார்த்தாள். காலுறைக்கு மேலே கணுக்கால் வீங்கிப் பிதுங்கியிருந்தது. மேல்கோட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள். "கிளம்பு," என்றாள்.

ஊர் மருத்துவமனையில் யூலியா என்ற சின்ன டாக்டர் இருந்தாள். அவள் சோதித்தபோது இக்னாதிஸுக்கு எடை குறைந்திருந்தது, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது.

"உப்பு எங்கேயிருந்து வருது, மாமா?"

"ஜாடியிலேர்ந்து," என்றாள் மிர்சினி.

டாக்டர் பொறுமையாகச் சொன்னாள்: பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும்தான் குறைய வேண்டும். ஆலிவ் எண்ணெய், வால்நட், மத்தி மீன் எல்லாம் அளவோடு வேண்டும்.

"எண்ணெய் கொழுப்பு இல்லையா?"

"கொழுப்புதான். ஆனா எல்லாக் கொழுப்பும் ஒண்ணு இல்ல, மாமா."

"பெரிய டாக்டர் அப்படிப் பிரிச்சுச் சொல்லலையே," என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஜாடியைத் தேடினார். அது மிர்சினியிடம் இருந்தது. கைநிறைய ஆலிவ் காய்களை எடுத்துக் கொட்டை நீக்கி, உரலில் போட்டு இடித்தாள். கூழை ஒரு கிண்ணத்தில் வழித்துப்போட்டு வெந்நீர் ஊற்றினாள். சற்று நேரத்தில் மேலே பொன்னிறப் புள்ளிகள் மிதந்தன. கிண்ணத்தை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"இது என்னன்னு சொல்லு."

இக்னாதிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதி ஆயுள் ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே வாழ்ந்த மனிதர்.

"தெரியும்டி," என்றார் கடைசியில். "எனக்குத் தெரியாதா?"

"பின்னே ஏன் இப்படி?"

"எதையாவது விடணும்னு இருந்துச்சு. ஒண்ணை விட்டா, அதுக்குப் பதிலா இது திரும்ப வராதுன்னு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "எண்ணெயை விடுறது சுலபமா இருந்துச்சு. அதான் கண்ணு முன்னால இருந்துச்சு."

"என்னையும் சேர்த்தில்ல விட்டுட்டே. எதிரே உக்காந்து ஒருத்தி சாப்பிடுறது உன் கண்ணுல பட்டுச்சா?"

அவர் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். "நாளைக்கு என்ன சமைக்கப்போறே?" என்று கேட்டார்.

மறுநாள் தெற்குக் காற்று அடித்தது. படகுகள் வெளியே போகவில்லை. காலையில் இக்னாதிஸ் மருத்துவமனைக்குப் போய் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கி வந்தார். மதியம் வெள்ளை பீன்ஸ், சுட்ட மத்தி, கீரை. கீரைமேல் மிர்சினி ஒரு கரண்டி எண்ணெய் விட்டாள். அவர் மெதுவாகச் சாப்பிட்டார். கீரையில் கொஞ்சம் மீதி வைத்தார். இருவரும் கொஞ்ச நேரம் படுத்தார்கள். மாலையில் மழை பெய்தது.